உன் வண்டிக்குச் சாம்பல் நிறம் அடித்தோம்

நகக்கண்களில் இன்னும் பெயிண்ட் வாசனை இருக்கிறது. சோப்பு போட்டாயிற்று, தேங்காய் எண்ணெய் போட்டாயிற்று, எலுமிச்சம்பழத் தோலால் தேய்த்தும் பார்த்தாயிற்று. வகுப்பில் சாக்பீஸோடு கை முகத்தருகே வரும்போதெல்லாம் அது வருகிறது. லேசாக இனிப்பது போலத் தொடங்கித் தொண்டையில் போய் உட்கார்ந்துகொள்ளும் வாசனை. ஒரு வாரம் ஆகப்போகிறது. இத்தனை நாள் அது தங்க வாய்ப்பில்லை என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் மோந்து பார்க்கிறேன். உனக்கு அந்த வாசனை பிடிக்கும். ஸ்பிரே டப்பாவைக் குலுக்கிவிட்டு மூக்கருகே கொண்டுபோய், "பெட்ரோல் பங்க்ல நிக்கிற மாதிரி இருக்குடி" என்பாய்.

போன ஞாயிற்றுக்கிழமை உன் மகளும் நானும் சேர்ந்து உன் ஸ்கூட்டர் வண்டியின் பச்சையை எடுத்துவிட்டோம். இப்போது அது சாம்பல் நிறம். உன்னிடம்தான் முதலில் சொல்லியிருக்க வேண்டும். நீ இதைப் படிக்கப்போவதில்லை. அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. உன் சபையில் சொல்வதுபோல நீ எங்கோ இளைப்பாறிக்கொண்டிருப்பதாக என்னால் நம்ப முடியவில்லை. நீ இருந்தபோதும் இதைச் சொல்லியிருக்கிறேன். "உனக்கு நம்பிக்கை இல்லன்னா போகுது, எனக்கு இருக்கிறதுல கொஞ்சம் பிடிச்சுக்கோ" என்பாய், ரயிலில் கைப்பிடியைக் காட்டுகிற மாதிரி. இப்போதும் 'நீ' என்று எழுதினால்தான் எனக்கு வாக்கியம் நகர்கிறது. அதனால் எழுதுகிறேன்.

அந்த வண்டி உன்னிடம் வந்தபோது மெரூன் நிறம். திருநின்றவூரில் உன் பக்கத்து வீட்டுக்காரர் சொந்த ஊருக்கே திரும்பிப் போகும்போது உன்னிடம் தள்ளிவிட்டுப் போனார். இன்ஜின் நன்றாக இருந்தது. உடம்பெல்லாம் கீறல், வெயிலில் வெளுத்துப்போன பிளாஸ்டிக். எல்லாவற்றையும் கழற்றிப் போட்டுவிட்டுப் புதிது மாட்டலாம் என்றார் மெக்கானிக். நீ ரயிலில் என்னிடம் சொன்னாய்: "பிளாஸ்டிக்தானே? கழட்டி நாமளே அடிச்சிடலாம்." பல்கலைக்கழகத்தில் ஒன்றாகப் புள்ளியியல் படித்து, நீ வங்கிக்கும் நான் கல்லூரிக்கும் போய், பதினைந்து வருடமாக ஒரே ரயிலில் நீ திருநின்றவூரிலும் நான் அம்பத்தூரிலும் ஏறி, பேசிப் பேசித் தீர்ந்துபோயிருந்த இரண்டு பெண்கள். அந்த வாரம் முழுக்கப் பெண்கள் பெட்டியில் ப்ரைமர், உப்புத்தாள் என்று பேசிக்கொண்டு போனோம். எதிரில் இருந்தவர்கள் நாம் ஏதோ கட்டடக் காண்டிராக்ட் எடுத்திருப்பதாக நினைத்திருப்பார்கள்.

உன் வீட்டு மொட்டைமாடி. ஐப்பசி மாதம். மழை விட்டு வானம் வெளுத்திருந்தது, தரை இன்னும் ஈரம். கழற்றிய திருகாணிகள் கலந்துவிடக் கூடாதென்று இட்லித் தட்டின் குழிகளில் போட்டு வைத்தேன். ஒவ்வொரு குழியும் வண்டியின் ஒரு பாகம். நீ அதைப் பார்த்து, "இதுக்குத்தாண்டி உன்னைக் கூப்பிட்டேன்" என்றாய்.

"காத்துல ஈரம் இருக்கு. ரெண்டு நாள் வெயில் வரட்டும்" என்றேன்.

"ஐப்பசில வெயிலுக்குக் காத்திருந்தா தை மாசம்தான் வண்டி எடுக்கணும்."

"ஈரக்காத்துல அடிக்கக் கூடாதுன்னு டப்பாவுலயே போட்டிருக்கு."

"டப்பாவுல போட்டிருக்கிறதெல்லாம் வக்கீலுக்குப் பயந்து போடுறது. நீ புள்ளியியல் படிச்சியா, பெயிண்டர் வேலை படிச்சியா?"

"நீயும் அதேதான் படிச்ச."

"அதனாலதான் தைரியமா அடிக்கிறேன்."

டப்பாவின் மூடி கிளிப்பச்சை. பிளாஸ்டிக்கின் மேல் விழுந்தபோதும் கிளிப்பச்சைதான். நீ கையை நீட்டி, ஏதோ தோட்டத்துக்குத் தண்ணீர் அடிப்பவள் மாதிரி அடித்துக்கொண்டே போனாய். கொஞ்ச நேரத்தில் நம் கண் முன்னாலேயே அந்தப் பச்சையின் மேல் வெள்ளையாக ஒரு படலம் கிளம்பி வந்தது. துடைத்தால் போகவில்லை. மறுபடி அடித்தால் மறுபடி கிளம்பியது. கிளிப்பச்சையில் யாரோ மோரை ஊற்றிவிட்டமாதிரி ஆகிவிட்டது. காய்ந்துகொண்டிருக்கும் பெயிண்டில் காற்றின் ஈரம் இறங்கினால் அப்படி ஆகுமாம். பிறகு எங்கோ படித்துவிட்டு வந்து உன்னிடம் சொன்னேன். "அப்போ மழையும் சேர்ந்துதான் அடிச்சிருக்கு. மூணு பேர் வேலை" என்றாய். அப்படியே ஓட்டத் தொடங்கிவிட்டாய்.

அந்தத் தப்பினால் உன் வண்டியைப் போல இன்னொரு வண்டி இந்தப் பக்கத்தில் இல்லாமல் போனது. ஒருமுறை ஆவடியில் போக்குவரத்துக் காவலர் நிறுத்தி, "ஆர்சி புக்ல மெரூன்னு போட்டிருக்கு. இது இன்னா கலரு?" என்று கேட்க, நீ, "நீங்களே பார்த்துச் சொல்லுங்க சார், எங்களுக்கும் தெரியல" என்றாய். அவர் சிரித்துவிட்டு அனுப்பிவிட்டார். விடுமுறை நாட்களில் என்னைப் பின்னால் ஏற்றிக்கொண்டு போக வருவாய்; தூரத்தில் ஒரு புள்ளியாக வரும்போதே அது நீ என்று தெரியும். உன் வீட்டுக்காரருக்கும் அதுதான் வசதி. ஆவடியில் காலை ஷிப்ட் முடித்து நாலு மணிக்கெல்லாம் வீட்டில் இருப்பார். சாயங்காலம் மாடி வராந்தாவில் நின்றால் தெருமுனை அரிசிக்கடை தெரியும். அங்கே உன் பச்சை திரும்பியதும் அடுப்பில் டீயை ஏற்றிவிட்டு இறங்கி வந்து கேட்டைத் திறப்பார். உன் வீட்டு வாசலில் சரிவு. வண்டியை அங்கே நிறுத்தி இறங்கிக் கேட்டைத் திறப்பது உனக்குக் கஷ்டம். வண்டி நிற்காமல் உள்ளே ஏறும். "வந்தாச்சா, டீ ஊத்தவா?" இத்தனை வருடமும் அதே வார்த்தைகள். "என்னை வரவேற்கிறாரா, டீக்கடைல ஆர்டர் எடுக்கிறாரான்னு தெரியல" என்று நீ சொன்னது ஞாபகம் இருக்கிறது.

நீ போன நாளைப் பற்றி எழுத ஒன்றும் இல்லை. காலையில் அதே ரயில். உன் பக்கத்தில் எனக்கு இடம். உன் மகளின் கல்லூரிப் புராஜெக்ட் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தாய், நான் பாதிதான் கேட்டேன். மதியம் உன் வங்கியிலிருந்து போன் வந்தது. தலைக்குள் ஏதோ ஒரு ரத்தக்குழாய். மேசை மேல் சாய்ந்தவள் எழுந்திருக்கவில்லை. மருத்துவமனை, சர்ச், கல்லறைத் தோட்டம் என்று எல்லாம் நடந்தன. நான் போய்க்கொண்டும் வந்துகொண்டும் இருந்தேன். அந்தக் கூட்டத்தில் ஒருவருக்கும் வண்டி ஞாபகம் வரவில்லை.

உன் மகளுக்குத்தான் வந்தது. நீ போய் ஒரு மாதம் ஆகும் முன் ஒரு காலை போன் செய்தாள். "ஆன்ட்டி, அம்மா வண்டி ஸ்டேஷன்லயே நிக்குது" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். நான் கிளம்பிப் போனேன். இருவரும் மாற்றுச் சாவியை எடுத்துக்கொண்டு திருநின்றவூர் ஸ்டேஷன் வண்டி நிறுத்துமிடத்துக்குப் போனோம். வெயில் படாத ஓரத்தில் உன் வண்டியை நகர்த்தி வைத்து, மேலே கிழிந்த தார்ப்பாயும் போட்டு மூடியிருந்தார் ஸ்டாண்டைப் பார்த்துக்கொள்பவர்.

"இன்னா மா, அக்கா ஊருக்குப் போய்க்குதா? வண்டி அப்டியே நின்னுகினு கீது."

உன் மகள் என்னைப் பார்த்தாள். "டோக்கன் எங்ககிட்ட இல்லைங்க" என்றேன். அதைத்தான் முதலில் சொல்ல முடிந்தது.

"டோக்கனு இன்னாத்துக்கு மா? இந்தக் கலர்ல இந்த ஸ்டாண்ட்லயே இது ஒண்ணுதான் கீது. அக்கா வந்து எடுத்துக்கட்டும்னு நான்தான் தார்ப்பாய் போட்டேன்."

அப்புறம் சொன்னேன். அவர் தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டார். "அன்னிக்குக் காலைல கூட கை காட்டிட்டுப் போச்சேம்மா" என்றார், நாங்கள் ஏதோ தப்பாகச் சொல்லிவிட்ட மாதிரி. பிறகு உதைத்து உதைத்து வண்டியை உயிர்ப்பித்துக் கொடுத்தார். உன் மகள் உன் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு ஓட்டினாள். நான் ஆட்டோவில் பின்னால் போனேன். உன்னைப் போலவே முதுகை நிமிர்த்தி உட்கார்ந்திருந்தாள். நான் ஆட்டோவின் மறுபக்கம் திரும்பிக்கொண்டேன்.

படிப்பு முடிந்து, இப்போது அந்த வண்டியில்தான் அவள் அம்பத்தூர் எஸ்டேட்டுக்கு வேலைக்குப் போய் வருகிறாள். கம்ப்யூட்டர் கம்பெனி. நீ இருந்திருந்தால் 'என் பொண்ணு' என்று பெட்டி முழுக்கச் சொல்லியிருப்பாய். ரயிலை விட்டிறங்கி வீட்டுக்குப் போக நான் பஸ்ஸுக்கு நிற்கும் சாலையில்தான் அவள் வந்து போவாள். எனக்குப் பேய், ஆவி எதிலும் நம்பிக்கை கிடையாது. கண் முதலில் நிறத்தைப் பார்க்கிறது, மூளை அதற்குப் பிறகுதான் கணக்குப் போடுகிறது. இதை வகுப்பில் உதாரணமாகவே சொல்லியிருக்கிறேன். ஆனால் கூட்டத்தில் அந்த மோர்ப்பச்சை தெரிந்ததும் கை தானாக மேலே போகும். ஒருமுறை சத்தம் போட்டு உன் பெயரையே கூப்பிட்டுவிட்டேன். பக்கத்தில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவள் கவனிக்காமல் போய்விட்டாள். அன்று இரண்டு பஸ்ஸை விட்டுவிட்டு நின்றேன்.

இந்த மாசி மாதம் ஒரு சனிக்கிழமை உன் மகள் என் வீட்டுக்கு வந்தாள். காபி கொடுத்தேன். குடிக்காமல் தம்ளரைத் திருப்பிக்கொண்டே இருந்தாள்.

"வண்டிக்குக் கலர் மாத்தணும் ஆன்ட்டி. உங்களுக்குத்தானே எப்படி அடிக்கிறதுன்னு தெரியும்?"

"எப்படி அடிக்கக் கூடாதுன்னுதான் தெரியும்" என்றேன். அவள் சிரிக்கவில்லை.

பிறகு மெதுவாக வந்தது. தினமும் சாயங்காலம் அரிசிக்கடை முனையில் அவள் திரும்பும்போது அப்பா மாடியிலிருந்து இறங்கி வருகிறார். கேட்டைத் திறக்கிறார். வண்டி உள்ளே ஏறும்போது அவர் முகம் வேறு மாதிரி இருக்கிறது. "வந்தாச்சா, டீ ஊத்தவா?" என்று கேட்கிறார். அந்தக் குரலில் அவர் அவளிடம் பேசியதே கிடையாது. அவள் ஹெல்மெட்டைக் கழற்றுகிறாள். அவர் முகம் வாடிவிடுகிறது. உடனே சமாளித்துக்கொண்டு, "சாப்பிட்டியா பாப்பா" என்கிறார்.

"ஒரு நாள் இல்ல ஆன்ட்டி, டெய்லி. நான் டெய்லி அவரை ஏமாத்துறேன். சில நாள் வண்டியை ஏரிக்கரையில நிறுத்திட்டு உட்கார்ந்திருப்பேன், வீட்டுக்குப் போக முடியாம. ஆபீஸ் பக்கமே ஹாஸ்டல் பார்க்கலாமான்னுகூட யோசிச்சேன்."

"வண்டி கலரை மாத்தினா அவர் மனசு மாறிடுமா?"

"மனசு மாற வேணாம். கண்ணு ஏமாறாம இருந்தா போதும்."

 வேண்டாம் என்று சொல்ல எனக்குக் காரணங்கள் இருந்தன. ஒன்றும் அவளிடம் சொல்லக்கூடியதாக இல்லை. என் கை சாலையில் தானாக எழுவதை அவளிடம் எப்படிச் சொல்வேன்? வீட்டை விட்டுப் போகலாமா என்று யோசிக்கும் பெண்ணிடம், அந்தப் பச்சை எனக்கு வேண்டும் என்றா? அடுத்த ஞாயிறு வரச் சொன்னேன்.

காலை ஆராதனை முடித்து நேராக வந்தாள். என் குடியிருப்பின் மொட்டைமாடியில் பழைய போர்வையை விரித்தோம். இந்த முறை எல்லாம் முறைப்படி. நல்ல வெயில், காற்றில் ஈரமே இல்லை. பிளாஸ்டிக் பாகங்களைச் சோப்புத் தண்ணீரில் கழுவி, உப்புத்தாளைத் தண்ணீரில் நனைத்துத் தேய்க்க ஆரம்பித்தோம். மோர்ப்பச்சை கரைந்து தரையில் ஓடி, மழைநீர்க் குழாயை நோக்கிப் போனது. கீழ்வீட்டு அம்மா துணி எடுக்க வந்தவர் இடுப்பில் கை வைத்து நின்றார்.

"இன்னா மேடம், காலேஜ் வேலையை உட்டுட்டு மெக்கானிக் கடை போட்டுட்டீங்களா?"

"கிளைக்கு ஆள் எடுக்கிறோம், வர்றீங்களா?" என்றேன்.

"என் ஊட்டுக்காரரை அனுப்புறேன், தேய்ச்சு வுடுங்க. என் புடவை மேல ஒரு சொட்டு தெறிச்சுது, நீங்கதான் தொவைக்கணும்" என்று சொல்லிவிட்டுத் துணிகளை அள்ளிக்கொண்டு போனார். உன் மகள் அன்று முதல்முறையாகச் சிரித்தாள். உன் சிரிப்பு இல்லை அது. அவள் அப்பாவுடையது, உதடு மூடிய சிரிப்பு.

சீட்டுக்குக் கீழே வரும் பக்கவாட்டுப் பாகத்தை நான் தேய்த்துக்கொண்டிருந்தேன். அதன் கீழ் ஓரத்தில் தண்ணீர் வழிந்து இறங்கியதும் ஒரு விரல்ரேகை தெரிந்தது. பெயிண்டில் பதிந்து, அப்படியே காய்ந்து, சுழி சுழியாக. அந்த நொடியில்தான் ஞாபகம் வந்தது. காய்ந்துவிட்டதா என்று நீ தொட்டுப் பார்த்தாய். நான் கத்தினேன். "கையெழுத்து போட்டேன்னு வச்சுக்கோ" என்று விரலை நைட்டியில் துடைத்துக்கொண்டாய்.

நான் நிறுத்திவிட்டதைப் பார்த்து அவள் நகர்ந்து வந்தாள்.

"அம்மாவா?"

"ஆமா."

தன் ஆள்காட்டி விரலை அதன்மேல் வைத்தாள். எடுத்துப் பார்த்தாள். "சின்னதா இருக்கு" என்றாள். "அம்மா விரல் பெரிசுன்னு நினைச்சுட்டு இருந்தேன்."

"இந்த இடத்தை விட்டுடலாமா?"

அதை இன்னொரு முறை தடவினாள். "விட்டா, மேல அடிச்சாலும் தடம் தெரியும்ல? தெரிஞ்சா நான் டெய்லி தொடுவேன் ஆன்ட்டி. வேணாம்." எழுந்துகொண்டாள். "நீங்க தேய்ங்க. நான் கீழ போய்த் தண்ணி எடுத்துட்டு வர்றேன்." வாளியில் பாதிக்கு மேல் தண்ணீர் இருந்தது. அதையும் எடுத்துக்கொண்டு போனாள்.

நான் தேய்த்தேன். உப்புத்தாளுக்கு அது இன்னொரு மேடு, அவ்வளவுதான். கொஞ்ச நேரத்தில் பிளாஸ்டிக் வழவழவென்று ஆகிவிட்டது. பிறகும் தேய்த்துக்கொண்டிருந்தேன். அவள் திரும்பி வந்து என் கையைப் பிடித்து, "போதும் ஆன்ட்டி, ஓட்டை விழுந்துடும்" என்றாள்.

அடிப்பூச்சாக ப்ரைமர் அடித்து, காயவிட்டு, ஒரு சாண் தூரத்தில் டப்பாவைப் பிடித்து, மெல்லிய பூச்சாக, ஒன்று காய்ந்தபின் ஒன்றாக அடித்தேன். சாம்பல் நிறத்தை அவள்தான் தேர்ந்தெடுத்தாள். எங்கும் வழியவில்லை, எங்கும் வெளுக்கவில்லை. மதியத்துக்கு மேல் எல்லாவற்றையும் மாட்டி வண்டியைக் கீழே நிறுத்திப் பார்த்தபோது, குடியிருப்பில் நிற்கும் மற்ற வண்டிகளோடு சேர்ந்து காணாமல் போய்விட்டது. எந்தத் தப்பும் இல்லாமல் செய்திருந்தோம். யார் செய்தது என்று சொல்ல அதில் ஒன்றுமே இல்லை.

"நீங்களும் வாங்க ஆன்ட்டி" என்றாள்.  நானும் ஒரு ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு பின்னால் உட்கார்ந்துகொண்டேன்.

ஆவடி தாண்டித் திருநின்றவூர் போய்ச் சேரும்போது வெயில் தாழ்ந்துவிட்டது. அரிசிக்கடை முனையில் திரும்பினோம். அவர் மாடி வராந்தாவில் நின்றிருந்தார், முகம் கழுவி, வெள்ளைச் சட்டை போட்டு. எங்களைப் பார்த்தார். பிறகு எங்களைத் தாண்டி மறுபடி முனையைப் பார்த்தார்.

கேட்டுக்கு வெளியே சரிவில் வண்டி நின்றது. அவள் ஹாரன் அடித்தாள். அவர் எட்டிப் பார்த்தார்.

"யாரு வேணும்?"

அவள் ஹெல்மெட்டைக் கழற்றினாள். "நான்தான்ப்பா."

இறங்கி வர நேரமாயிற்று. கேட்டைத் திறந்தவர் வண்டியைச் சுற்றி நடந்தார். சீட்டைத் தொட்டார், பிளாஸ்டிக்கைத் தொடவில்லை.

"வாம்மா" என்றார் என்னிடம். "கம்பெனி பெயிண்ட் மாதிரியே இருக்கு. எதுக்கு மாத்துனீங்க?"

நான் வாயைத் திறப்பதற்குள் உன் மகள் பேசிவிட்டாள். "நீங்க டெய்லி ஏமாறுறீங்கப்பா. அம்மான்னு நினைச்சு ஓடி வர்றீங்க. என்னைப் பார்த்ததும் உங்க முகம் போற போக்கை என்னால பார்க்க முடியல."

அவர் அவளைப் பார்த்தபடியே நின்றார். கோபம் இல்லை. விளங்காத மாதிரி.

"நான் ஏமாந்தேன்னு யாரு சொன்னது? புத்தி பேதலிச்சா போச்சு எனக்கு? உங்கம்மாவைப் பெட்டியில வச்சு மூடுறப்போ பக்கத்துல நின்னவன் நான்." கேட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டார். "முனையில அந்தக் கலர் திரும்பும். அங்கேர்ந்து கேட்டுக்கு வர்ற வரைக்கும் அவ. அதுக்கப்புறம் நீ. தெரிஞ்சேதான் பண்றேன் பாப்பா. அந்தக் கொஞ்ச நேரத்துக்குத்தான் சாயங்காலம் எழுந்திரிச்சு முகமே கழுவுறேன்."

இதோடு முடிந்துவிடும் என்று நினைத்தேன். அவள் அழுவாள், மன்னிப்புக் கேட்பாள் என்று. அவள் உன் மகள்.

"அந்தக் கொஞ்ச நேரம் முடியுறப்ப அங்க நிக்கிறது நான்ப்பா. டெய்லி நான்தான். நான் ஹெல்மெட்டைக் கழட்டினதாலதான் அம்மா போய்ட்ட மாதிரி பார்க்குறீங்க."

தெருவில் யாரோ குக்கர் விசில் கணக்கை உரக்கச் சொல்வது கேட்டது. மாடியில் அவர் வழக்கமான நேரத்துக்கு ஏற்றியிருந்த டீ பொங்கி அடுப்பில் வழிந்து கருகும் வாசனை வந்தது. அவர் அசையவில்லை.

"அப்படியாம்மா பார்க்கிறேன்?" என்று என்னிடம் கேட்டார்.

"எனக்குத் தெரியலண்ணா" என்றேன். உண்மைதான். அந்த நேரத்தில் நான் ஒருநாளும் அங்கே நின்றதில்லை. ஆனால் தெரிந்திருந்தாலும் யார் பக்கம் பேசியிருப்பேன்? இரண்டு பேரும் ஒரே நிறத்தைப் பார்த்திருக்கிறார்கள். ஒருவருக்கு அதில் நாளின் நல்ல பகுதி இருந்தது, இன்னொருத்திக்கு அதே இடத்தில் தண்டனை. அவர்கள் ஒருவரோடொருவர் இதைப் பேசியதே இல்லை, அன்று நாங்கள் பச்சையைக் கொன்றுவிட்டுப் போய் நிற்கும்வரை. நீ இருந்திருந்தால் முதல் வாரத்திலேயே பேசவைத்திருப்பாய். நீ இருந்திருந்தால் பேச ஒன்றும் இருந்திருக்காது.

அவர் அவள் கையிலிருந்து வண்டியை வாங்கிக்கொண்டார். சரிவில் தானே தள்ளிக்கொண்டு போய் உள்ளே நிறுத்தினார். புதிதாகப் பால் காய்ச்சி மூன்று பேரும் டீ குடித்தோம். சர்க்கரை போட மறந்திருந்தார். ஒருவரும் சொல்லவில்லை.

நான் கிளம்பும்போது கேட்டுவரை வந்தார். அவள் உள்ளே தம்ளர் கழுவிக்கொண்டிருந்தாள். குரலைத் தாழ்த்திக்கொண்டு, "அந்தப் பழைய கலர் டப்பா இப்பவும் கடையில கிடைக்குமாம்மா?" என்றார்.

"கிடைக்கும்ணா. ஆனா அந்தக் கலர் வராது. அது மழையில வந்தது."

"ஆமாமா" என்றார். "சும்மாதான் கேட்டேன்."

புதன்கிழமை உன் மகள் போன் செய்தாள். அவர் இப்போதும் சாயங்காலம் வராந்தாவில் நிற்கிறாராம். முனையில் திரும்பும் ஒவ்வொரு வண்டியையும் பார்த்துக்கொண்டிருக்கிறாராம், எது அவளுடையது என்று தெரியாததால். அவளுடையது கேட்டருகே வந்து நின்றால், ஹெல்மெட்டைக் கழற்றும் முன்பே "பாப்பாவா?" என்று மேலிருந்து கேட்கிறாராம். அதைச் சொல்லும்போது அவள் குரலிலிருந்து ஏதோ ஒரு பாரம் இறங்கியிருந்தது. ஹாஸ்டல் பற்றிப் பேசவில்லை. டீயைப் பற்றிக் கேட்கலாமா என்று நினைத்தேன். கேட்கவில்லை.

அவளுக்கு அவள் வாசல் கிடைத்துவிட்டது. அவருக்குப் போனது போனதுதான். என் விஷயத்தைத்தான் உன்னிடம் சொல்ல வேண்டும். வேறு யாரிடம் சொன்னாலும், இவளா இப்படி என்பார்கள்.

நேற்று சாயங்காலம் எஸ்டேட் சாலையில் பஸ்ஸுக்கு நின்றிருந்தேன். கம்பெனி விடும் நேரம். இனி கண் ஏமாறாது என்று நினைத்துத்தான் நின்றேன். முன்பு எனக்கு ஒரே ஒரு வண்டிதான் இருந்தது. அது கடந்து போய்விட்டால் அன்றைக்கு அவ்வளவுதான், மற்ற வண்டிகளெல்லாம் வெறும் வண்டிகள். இப்போது இந்த ஊரில் எத்தனை சாம்பல் நிற வண்டிகள் என்று உனக்குத் தெரியுமா? எல்லாவற்றிலும் ஹெல்மெட் போட்ட ஒரு பெண். எதில் வருவது உன் மகள் என்று தெரியாது. அதனால் எதில் வருவது நீ இல்லை என்றும் தெரியாது. இதை எழுதும்போது எவ்வளவு அபத்தம் என்று புரிகிறது. சாலையில் நிற்கும்போது புரியவில்லை.

ஒரு வண்டி கூட்டத்திலிருந்து ஒதுங்கி, வேகம் குறைந்து, என் எதிரில் வந்து நின்றது. ஹெல்மெட்டுக்குள்ளிருந்து அந்தப் பெண் கேட்டாள்: "மேடம், முகப்பேருக்கு எப்படிப் போகணும்?"

சொன்னேன். நேராகப் போய் இடதுபுறம் திரும்பச் சொன்னேன். அவள் தலையாட்டிவிட்டுப் போனாள். அதற்குப் பிறகுதான் கவனித்தேன். அவள் நின்ற அந்த நொடியில் என் கைப்பையை வலது தோளிலிருந்து இடது தோளுக்கு மாற்றியிருக்கிறேன், புடவை முந்தானையை இழுத்து இடுப்பில் செருகியிருக்கிறேன், உன் பின்னால் ஏறி உட்காரும்போது செய்வதைப் போல.

அப்படியே நின்றிருந்தேன். அடுத்த வண்டி வந்தது. அதுவும் சாம்பல் நிறம்.